‘6,300 கன அடி’ என்றால் எவ்வளவு தண்ணீர்? புதுக்கோட்டையின் நீர்க் கணக்கில் விடுபடும் விவரங்கள்

கீரமங்கலம், வடகாடு பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு பேச்சு காதில் விழும்: “தண்ணி ஆயிரம் அடிக்குப் போயிடுச்சு.” அதே நாளில் போனில் அரசின் நிலத்தடி நீர்மட்ட அறிக்கையைத் திறந்தால் மாவட்ட சராசரி வெறும் ‘சில மீட்டர்’ என்று இருக்கும். ஆயிரம் அடி என்பது சுமார் 305 மீட்டர். அப்படியானால் யார் சொல்வது பொய்?

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ரெண்டு பேரும் வேறு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஆனால் எண்ணோடு சேர்ந்து வரவேண்டிய விவரங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. எந்த அலகு, எங்கே அளந்தது, எப்போது அளந்தது, எப்படி அளந்தது, எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்கிற விவரங்கள் அவை. தரவுத் துறையில் இதற்கு ‘மெட்டாடேட்டா’ என்று பெயர். அதாவது, தரவைப் பற்றிய தரவு. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட ஏதோ என்று தள்ளிவிட வேண்டாம். புதுக்கோட்டை மாதிரி, மழையையும் ஏரியையும் போரையும் நம்பி இருக்கிற ஒரு மாவட்டத்தில் இது நேரடியாகத் தண்ணீர்ப் பிரச்சினை.

குன்னத்தூரில் சொல்லப்பட்ட எண்

2021 பிப்ரவரி 21. விராலிமலை பக்கத்தில் உள்ள குன்னத்தூரில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். கரூர் மாவட்டம் மாயனூரில் உள்ள கட்டளைக் கதவணையில் இருந்து கால்வாய் வெட்டி, காவிரியில் வெள்ளம் வரும்போது உபரி நீரைத் தெற்கே கொண்டுபோவதுதான் திட்டம். மொத்த நீளம் சுமார் 262 கி.மீ. மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். முதல் கட்டம் மாயனூரில் இருந்து புதுக்கோட்டையின் தெற்கு வெள்ளாறு வரை, 118 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து வைகை, கடைசியாகக் குண்டாறு.

இந்தத் திட்டம் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும் ‘6,300 கன அடி’ என்ற எண் இருக்கும். பல இடங்களில் அதோடு நின்றுவிடும். ‘விநாடிக்கு’ என்ற ஒரு சொல் விடுபட்டிருக்கும்.

அந்தச் சொல் இல்லாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். 6,300 கன அடி என்பது ஒரு பெரிய வீட்டுக் கிணற்றின் கொள்ளளவு. விநாடிக்கு 6,300 கன அடி என்றால் அது ஓர் ஆறு. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். கால்வாய் முழுக் கொள்ளளவில் ஓடினால் விநாடிக்கு 1.78 லட்சம் லிட்டர் போகும்.

இன்னொரு பக்கம், காவிரிப் பேச்சு முழுவதும் டிஎம்சியில் நடக்கிறது. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. இங்கேதான் பலருக்குச் சிக்கல். கன அடி/விநாடி என்பது ஓட்டம். பைக்கின் வேகம் மாதிரி. டிஎம்சி என்பது அளவு. போன தூரம் மாதிரி. வேகத்தை மட்டும் சொன்னால் எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியாது. எவ்வளவு நேரம் ஓட்டினோம் என்பதும் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், 6,300 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் கிடைப்பது 0.54 டிஎம்சி. பத்து நாள் ஓடினால் சுமார் 5.4 டிஎம்சி. முப்பது நாள் ஓடினால் 16 டிஎம்சிக்குச் சற்று மேல். இந்தத் திட்டம் நம்பியிருப்பது வெள்ள உபரியை. ஆகவே கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி ‘எத்தனை கன அடி’ இல்லை. ‘வருஷத்துக்கு எத்தனை நாள்’ என்பதுதான். அதற்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. மேட்டூர் நிரம்பி வழிகிற வருஷமும் உண்டு, ஜூன் 12-ம் தேதி வழக்கமான திறப்புக்கே வழியில்லாத வருஷமும் உண்டு. நேர்மையான பதில் ‘இத்தனை வருஷத்துக்கு ஒரு முறை, இத்தனை நாள்’ என்ற வடிவத்தில்தான் இருக்க முடியும். அடிக்கல் மேடையில் அப்படிப் பேசினால் யாரும் கைதட்டமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதோடு, 6,300 என்பது கால்வாயின் வடிவமைப்புக் கொள்ளளவு. அது அளந்த எண் கிடையாது. இவ்வளவு வரை தாங்கும் என்பதும் இவ்வளவு வரும் என்பதும் ஒன்று இல்லை. வழியில் மண் குடிப்பது, வெயில் குடிப்பது எல்லாம் தனிக் கணக்கு.

740 டிஎம்சி: பாதி வருஷங்களின் எண்

காவிரியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால், 2007 பிப்ரவரி 5-ல் வந்த நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு 740 டிஎம்சி என்கிறது. பள்ளிப் புத்தகம் முதல் டிவி விவாதம் வரை இந்த எண் புழங்குகிறது. ஆனால் தீர்ப்பில் இந்த எண் தனியாக இல்லை. ‘50 சதவீத நம்பகத்தன்மையில்’ என்ற வால் அதோடு ஒட்டியிருக்கிறது.

அதற்கு என்ன அர்த்தம்? ரெண்டு வருஷத்தில் ஒரு வருஷம் இந்த அளவோ அதற்கு மேலோ வரும். மற்ற வருஷம் குறையும். வாலை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், 740 என்பது வங்கிக் கணக்கில் எப்போதும் இருக்கும் இருப்பு மாதிரி தெரியும். பற்றாக்குறை வருஷத்தில் ‘எங்கள் பங்கைக் கொடு’ என்று ஒரு மாநிலமும், ‘இல்லாத தண்ணீரை எப்படிக் கொடுப்பது’ என்று இன்னொரு மாநிலமும் மோதுவதற்குப் பல காரணங்கள் உண்டு. வெட்டப்பட்ட இந்த வாலும் அதில் ஒன்று.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இன்னும் கவனிக்க வேண்டியது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்கவேண்டிய அளவை 192 டிஎம்சியில் இருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைத்தது 14.75. அதில் 4.75 பெங்களூருவின் குடிநீர் உள்ளிட்ட தேவைக்கு. மீதி 10 டிஎம்சியைக் குறைத்ததற்கு நீதிமன்றம் சொன்ன காரணம்: தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் சுமார் 20 டிஎம்சி நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் பாதியையாவது கணக்கில் எடுக்கலாம்.

இந்த 20 டிஎம்சி எந்த மதகிலும் நின்று யாரும் அளந்த தண்ணீர் இல்லை. மண்ணுக்கு அடியில் இருப்பதை நேரடியாக அளக்கவும் முடியாது. மழை எவ்வளவு ஊறும், மண் எவ்வளவு பிடித்துவைக்கும், எவ்வளவு எடுக்கலாம் என்ற அனுமானங்களின் மேல் கட்டிய மதிப்பீடு அது. மதிப்பீடு தப்பில்லை, நிலத்தடி நீருக்கு வேறு வழியும் கிடையாது. ஆனால் ஒரு மதிப்பீட்டின் பாதி, ஆற்றில் வரவேண்டிய நிஜத் தண்ணீரில் இருந்து கழிக்கப்பட்டது. பத்து டிஎம்சியை ஓர் அடி உயரத்துக்குத் தேக்கினால் சுமார் 2.3 லட்சம் ஏக்கர் வயலில் நிற்கும். மதிப்பீட்டில் ‘கூடக்குறைய’ எவ்வளவு என்ற கேள்வி யார் வயிற்றில் அடிக்கும் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடை, அறந்தாங்கி – நாகுடி – மணமேல்குடி பக்கம்தான் இருக்கிறது. காவிரியில் குறையும் ஒவ்வொரு டிஎம்சியும் முதலில் தெரிவது வாலில்தான். ‘கல்லணையில் இத்தனை கன அடி திறப்பு’ என்று செய்தி வரும். நாகுடியில் இருப்பவருக்கு அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை. அவருக்கு வேண்டியது நாகுடியில் அளந்த எண். ஒரே கால்வாய், ஒரே நாள், ரெண்டு இடம், ரெண்டு எண். ‘எங்கே அளந்தது’ என்பதைச் சொல்லாமல் விட்டால் தலைப்பகுதியின் தண்ணீர் கடைமடையின் தண்ணீராகக் கணக்கில் ஏறிவிடும்.

சரி, ஆற்று நீரை எப்படி அளக்கிறார்கள்?

விநாடிக்கு இத்தனை கன அடி என்பதை ஒரு மீட்டர் வைத்து நேரடியாகப் படிப்பதில்லை. மதகு ஓரத்தில் நட்ட அளவுகோலில் நீரின் உயரத்தைப் பார்க்கிறார்கள். முன்பே பல முறை நீரோட்ட வேகத்தை அளந்து தயாரித்த அட்டவணையில், அந்த உயரத்துக்கு நேராக உள்ள ஓட்டத்தை எடுக்கிறார்கள். ஆற்றில் மணல் அள்ளினாலோ வண்டல் சேர்ந்தாலோ அட்டவணை பொய்த்துப்போகும். திரும்பத் தயாரிக்க வேண்டும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் இப்படிப்பட்ட ஒவ்வோர் ஓட்ட அளவீட்டுக்கும் தரம் போடுகிறது. உண்மையான அளவில் இருந்து 2 சதவீதத்துக்குள் இருக்கும் என்றால் ‘மிக நன்று’, 5 சதவீதத்துக்குள் என்றால் ‘நன்று’. கவனியுங்கள், 5 சதவீதப் பிழைக்கே நல்ல மார்க். அந்தக் கணக்கில் 6,300 என்பது 5,985-ஆகவும் இருக்கலாம், 6,615-ஆகவும் இருக்கலாம். இதனால் எண் மதிப்பிழந்து போவதில்லை. பிழை வரம்போடு சொன்ன எண்ணைத்தான் நம்பி வேலை செய்ய முடியும்.

போர் ஆழமா, நீர்மட்டமா?

இப்போது டீக்கடைக்குத் திரும்பலாம். ‘ஆயிரம் அடி’ என்பது போர் வண்டி எவ்வளவு ஆழம் துளைத்தது என்பது. அரசு அறிக்கை சொல்வது, கண்காணிப்புக் கிணற்றில் தரையில் இருந்து எவ்வளவு கீழே நீர் நிற்கிறது என்பது. ஆயிரம் அடி போட்ட போரிலும் தண்ணீர் மேலேறி நிற்கலாம். மோட்டார் ஓடும்போது அளந்தால் ஒரு மட்டம், நிறுத்தி சில மணி நேரம் கழித்து அளந்தால் வேறொரு மட்டம்.

இதில் புதுக்கோட்டைக்கே உரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. விராலிமலை, இலுப்பூர், குளத்தூர் பக்கம் அடியில் கடினப் பாறை. பாறை வெடிப்பில் மாட்டினால் தண்ணீர். பத்தடி தள்ளிப் போட்டால் புகை மட்டும்தான் வரும். ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கம் அடியில் படிவுப் பாறைகளும் மணல் அடுக்குகளும். ஆழமான போர்கள் அங்கேதான் ஊற்றைத் தேடி இறங்குகின்றன. இந்த ரெண்டு நிலத்தையும் சேர்த்து ஒரே ‘மாவட்ட சராசரி’ போட்டால் அது எந்த ஊருக்கும் பொருந்தாத எண்ணாகிவிடும். மேலாக உள்ள திறந்த கிணற்றில் மழைக்குப் பிறகு நீர் ஏறும். ஆழத்தில் உள்ள அடுக்கு அதற்குள் ஏறிவிடாது. சராசரியில் முதலாவது மட்டும் தெரிந்தால் ‘நீர்மட்டம் உயர்ந்தது’ என்று தலைப்பு வரும். ஆழ்குழாய் வைத்திருப்பவர் அந்தத் தலைப்பைப் பார்த்துச் சிரிப்பார்.

மாதமும் முக்கியம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் பொதுவாக வருஷத்துக்கு நான்கு முறை அளக்கிறது. நவம்பர் அளவை மே மாத அளவோடு ஒப்பிட்டால் எல்லா ஊரும் செழிப்பாகத் தெரியும். மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இது சாதாரண அறிவுதான், ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் பல வரைபடங்களில் மாதமே இருப்பதில்லை.

இன்னும் ஒரு சின்ன விவரம். அளவு எங்கிருந்து தொடங்குகிறது? கேசிங் பைப் தரைக்கு மேல் ரெண்டு அடி நீட்டிக்கொண்டு இருந்தால், பைப் வாயில் இருந்து அளந்தவருக்கும் தரையில் இருந்து அளந்தவருக்கும் 0.6 மீட்டர் வித்தியாசம் வரும். ஒரு வருஷ ஏற்ற இறக்கமே சில இடங்களில் அவ்வளவுதான் இருக்கும்.

360-ல் இருந்து 106: முன்னேற்றமா?

அலகு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 2022-ல் தமிழ்நாட்டின் நிலத்தடி நீரை மதிப்பிட்டபோது 1,166 பிர்காக்களில் 360 ‘அதிநுகர்வு’ என்று வகைப்படுத்தப்பட்டன. வருஷத்துக்கு எடுக்கக்கூடிய அளவைவிட அதிகமாக, அதாவது 100 சதவீதத்துக்கு மேல், உறிஞ்சப்படும் இடங்கள் இவை. 2023 மதிப்பீட்டில் அந்த எண்ணிக்கை 106.

ஒரே வருஷத்தில் 360-ல் இருந்து 106! கொண்டாடலாமா?

அவசரப்பட வேண்டாம். 2023-ல் பிர்காவுக்குப் பதிலாக வட்டாரத்தை அலகாக எடுத்தார்கள். மொத்தம் 313 வட்டாரங்கள். அதில் 106 என்றால் சுமார் 34 சதவீதம். முந்தைய வருஷம் 1,166-ல் 360 என்பது சுமார் 31 சதவீதம். எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது; விகிதமோ ஏறியிருக்கிறது. இந்த ரெண்டு வருஷத்தையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைப்பவர் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அலகை மட்டும் சொல்லாமல் விட்டால் போதும்.

வகைப்பாட்டுக்குள்ளும் ஒரு கத்தி இருக்கிறது. 70 சதவீதம் வரை ‘பாதுகாப்பானது’, 90 வரை ‘ஓரளவு அபாயம்’, 100 வரை ‘அபாயம்’, அதற்கு மேல் ‘அதிநுகர்வு’. எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்பது கிணறுகளின் எண்ணிக்கை, பயிர்களின் தேவை போன்றவற்றை வைத்துக் கணக்கிடும் மதிப்பீடு. ஒவ்வொரு போரிலும் மீட்டர் மாட்டி அளந்ததில்லை. அப்படி வந்த 99-க்கும் 101-க்கும் நடுவே, புதிதாகத் தண்ணீர் எடுக்கத் தடையில்லாச் சான்று கேட்டு வரும் தொழிற்சாலையின் தலையெழுத்து மாறும். பக்கத்து விவசாயியின் தலையெழுத்தும்தான். பிழை வரம்பைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ரெண்டு எண்ணும் ஒன்றேதான் என்று சொல்ல இடம் இருக்கிறது.

மழைக்குத் தேதி எது?

மழைக்கணக்கு ஒப்பீட்டில் சுத்தமானது. ஆதனக்கோட்டை, உடையாளிப்பட்டி, ஆயிங்குடி, மீமிசல் என்று நிலையம் வாரியாக மி.மீ.யில் பட்டியல் வரும். ஒரு மி.மீ. மழை ஒரு ஏக்கரில் பெய்தால் சுமார் 4,047 லிட்டர். ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. வானிலை ஆய்வு மையத்தின் நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 24-ம் தேதி காலை வெளியாகும் எண்ணில் பெரும்பகுதி 23-ம் தேதி பெய்த மழை. பயிர்ச் சேதத்துக்கு ‘எந்தத் தேதியில் எவ்வளவு மழை’ என்று நிரூபிக்கவேண்டிய விவசாயிக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் சாதாரணமானது கிடையாது.

டிவியில் செ.மீ., பட்டியலில் மி.மீ. என்ற குழப்பமும் தொடர்கிறது. ஊர்ப்பெரியவர்கள் இந்த ரெண்டும் இல்லாமல் ‘ஓர் உழவு மழை’ என்பார்கள். மண் ஏர் பிடிக்கிற அளவுக்கு நனைந்ததா என்பதுதான் அவர்களுடைய அளவுகோல். வயலுக்கு அது போதும், கோப்புக்குத்தான் போதாது.

கோலின் பெயரையும் சேர்த்து வெட்டியவர்கள்

எண்ணோடு அலகைச் சொல்லும் பழக்கம் மேற்கில் இருந்து வந்தது என்று நினைக்கத் தேவையில்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில் சோழ நாட்டு நிலம் அளக்கப்பட்டது. அந்தக் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டுகளில் எத்தனை வேலி, எத்தனை மா என்பதோடு, எந்தக் கோலால் அளந்தது என்பதும் சொல்லப்படுவதுண்டு. பதினாறு சாண் கோல் ஓரிடத்தில், பதினெட்டு சாண் கோல் இன்னோரிடத்தில். கோலின் நீளத்தையே கோயில் சுவரில் கோடாக வெட்டிவைத்த ஊர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். மெட்டாடேட்டாவை இவ்வளவு பத்திரமாக வைத்த ஆட்கள் இன்றைக்கும் குறைவு.

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனாலும் காவிரி இன்னும் அடியில்தான் ஓடுகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் டிஎம்சியில்தான் இருக்கிறது. அடியில் சொல்வது குற்றம் இல்லை. அடியையும் மீட்டரையும் ஒரே பத்தியில் குறிப்பில்லாமல் கலப்பதில்தான் ஆபத்து. 1983 ஜூலையில் ஏர் கனடா போயிங் விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் சறுக்கி இறங்கியது. கிலோ கணக்கில் நிரப்பவேண்டிய எரிபொருளை பவுண்டுக்கான பெருக்கெண் வைத்துக் கணக்கிட்டதால், தேவையில் பாதிக்கும் குறைவாகத்தான் டேங்கில் இருந்தது. அதில் இருந்த 69 பேரும் பிழைத்தது விமானியின் திறமை.

2016-ல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டமும், ‘இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ்’ தளமும் இந்தச் சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்க்கத்தான் வந்தன. கண்காணிப்புக் கிணற்றின் இருப்பிடம், வகை, அளந்த தேதி, அலகு எல்லாம் ஒரே வடிவத்தில் சேரவேண்டும் என்பது நோக்கம். தானியங்கிக் கருவிகள் பொருத்திய கிணறுகளில் ஆள் போகாமலே நீர்மட்டம் பதிவாகிறது. செல்போனில் அந்தத் தளத்தைத் திறந்து படிப்பது இன்னமும் பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். தமிழில் தேடினால் இன்னும் கஷ்டம்.

மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஒவ்வொரு துறையும் ஒரு பக்க அறிக்கை வாசிக்கும். மழை இவ்வளவு, ஏரி இருப்பு இவ்வளவு, நீர்மட்டம் இவ்வளவு என்று போகும். அந்தப் பக்கத்தில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் நிலையத்தின் பெயர், அளந்த தேதி, அலகு என மூன்று கட்டங்கள் கூட்டுவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தனி நிதியும் வேண்டாம். கல்லணைக் கால்வாய் பற்றிய வரி வரும்போது அந்த முதல் கட்டத்தில் ‘கல்லணை’ என்று இருக்கிறதா, ‘நாகுடி’ என்று இருக்கிறதா என்பதை நாகுடிக்காரர்கள் முதலில் பார்ப்பார்கள்.